மூன்றாம் சட்டப்படி அகற்றப்பட்ட பெட்டி

அத்தானின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடித் தட்டில் வைத்தது நான்தான். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்ட எல்லாரிடமும் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், இன்றைக்குக் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஏன் வைத்தேன் என்று ஒருவராவது பொறுமையாகக் கேட்டார்களா? கிடையாது. எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். என்றாலும் அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஆகையால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நியாயம் யார் பக்கம் என்று கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புளியந்தீவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். கடையும் மாடியும் காத்தான்குடி முதலாளி ஒருவருக்குச் சொந்தம். ஒரு கூடம், ஒரு அறை, பின்பக்கம் ஒடுங்கலாக ஒரு விறாந்தை, அவ்வளவுதான் வீடு. அடுப்பு வைத்த விறாந்தை மூலைதான் குசினி. கிணறும் மற்ற வசதிகளும் கீழே கடையின் பின்வளவில். தெருவிலிருந்து மரப்படியில் ஏறி வந்தால், படி முடிகிற இடத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு பலகைத் தட்டு. அதைத் தாண்டினால் எங்கள் வாசல். இதற்குள் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, தொட்டிலில் சின்னத்தம்பி என்று ஆறு பேர்.

ஆறு பேரை அந்த இடத்துக்குள் அடக்கியது அப்பாவின் கெட்டித்தனம் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அங்கே துரைமாருக்குக் கீழே இருந்து பழகிய ஒழுங்கையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து எங்கள் தலையில் இறக்குவார். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு பிணைச்சல் போட்டுப் பொருத்தியிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் கயிற்றை இழுத்தால் மேசை சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடச் சுணங்குகிறவனின் சோற்றுக் கோப்பை மேசையோடு சேர்ந்து மேலே போகும். தம்பியின் சோறு இரண்டு தரம் அப்படிப் போயிருக்கிறது. கட்டிலின் கால்களைக் கல்வைத்து உயர்த்தி, கீழே நெல்மூட்டை அடுக்கினார். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணிக்கும் மேலே இன்னாருடையது என்று மையால் எழுதினார். எனக்கு ஒரே ஓர் ஆணி. தம்பிக்கு இரண்டு. ஏன் அவனுக்கு இரண்டு என்று கேட்டேன். அவன் வளருவான் என்றார். நான் என்ன, தேய்ந்துபோகவா பிறந்தேன்?

இதற்கெல்லாம் மேலாகச் சட்டங்கள். கந்தோர்க் கடதாசியில் முத்து முத்தாக எழுதி வாசற்கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். "இதனால் இவ்வீட்டிலுள்ள சகலருக்கும் அறியத்தருவது" என்று தொடங்கும். முதலாவது, கிணற்றடிக்கு யார் எப்போது போவது. இரண்டாவது, விடிந்ததும் பாய்களைச் சுருட்டிக் கூரை வளையில் ஏற்றுவது. மூன்றாவதுதான் என் உயிரை வாங்கியது: "எவரேனும் ஒரு பொருளைத் தமக்குரித்தல்லாத இடத்தில் ஒரு நாளுக்கு மேல் வைத்திருப்பின், அப்பொருள் மாடித் தட்டுக்கு அகற்றப்படும்."

அகற்றப்பட்டதெல்லாம் என்னுடையதுதான். சிப்பி நிறைத்த சுருட்டுப் பெட்டி, கொய்யாக்காய், கீறல் விழுந்த சிலேட்டு, எல்லாம் தட்டுக்குப் போயின. ஒருமுறை வாவிக்கரையில் பிடித்த நண்டு ஒன்றைச் சிரட்டையில் வைத்து வளர்த்தேன். அதுவும் சட்டப்படி அகற்றப்பட்டு, படியால் இறங்கி, கடைக்குள் போய்ச் சீத்தைத் துணிச் சுருளுக்குள் புகுந்துவிட்டது. முதலாளி குளறின குளறலுக்கு நான் அடி வாங்கினேன். நண்டைத் தட்டில் வைத்தது அப்பா, அடி எனக்கு. சரி, சட்டம் என்றால் சட்டம்தான் என்று நானும் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

எனக்கென்று அந்த வீட்டில் உரித்தான இடம் ஒன்றுதான். அறைக்குள், வாவிப்பக்க யன்னலோரம், அம்மாவின் பெட்டகம் இருந்தது. பெரிய முதிரை மரப் பெட்டகம். படியால் ஏற்ற முடியாமல் யன்னற் சட்டத்தைக் கழற்றி, துறையடியிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுத்து உள்ளே போட்டார்களாம். அதன் மூடி நல்ல தட்டையாக, எனக்கு நீட்டி நிமிர்ந்து படுக்க அளவாக இருக்கும். அறையில் அம்மாவும் அக்காவும் சின்னத்தம்பியும் கீழே படுக்க, நான் மேலே படுப்பேன். விடியற்காலையில் கண்ணை விழித்தால் தோணிகள் தெரியும். அந்த இடத்தை அப்பாவே தன் கையால் என் பெயருக்கு எழுதி ஒட்டியிருந்தார்.

அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் கல்யாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றவர்களின் பொறுப்பு. ஊரில் என்றால் இருக்கிற வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்குக் கல்யாணம் என்றால் அதையும் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார்கள். என் அம்மா நாலாவது பெண். அவளுடைய முறை வந்தபோது வளவு முடிந்துவிட்டது. அதனால்தான் அப்பாவைக் கட்டிக்கொண்டு வாடகை மாடியில் ஏறி இருந்தாள். அந்த வேக்காடு அவளுக்கு எப்போதும் உண்டு.

"ஒரு அறையெண்டாலும் கதவு பூட்டோட என்ட புள்ளைக்குக் குடுப்பன். என்னப் போல நாதியத்து நிக்க விடமாட்டன்" என்று கல்யாணம் பேச வந்தவர்களிடம் சொன்னாள். அவர்களும் சம்மதித்தார்கள். கல்யாணம் முடிந்த அன்று, நாலு பேர் பார்க்க, அறைப் பூட்டின் திறப்பை அக்காவின் கையில் கொடுத்தாள்.

பெட்டகம் அறைக்குள். அதைக் கதவால் வெளியே எடுக்க முடியாது. நான் வெளியே!

ஊரில் வளவுக்குள் ஒதுங்குவார்களே, அதையே நாங்கள் மாடிக்குள் செய்தோம். முதலில் அறையிலிருந்து கூடத்துக்கு ஒதுங்கினோம். பிறகு, மாப்பிள்ளை உட்கார்ந்து பத்திரிகை வாசிக்க ஒரு மூலை வேண்டும் என்று கூடத்தில் பாதிக்கு ஒதுங்கினோம். நடுவில் அலுமாரியை இழுத்துவைத்து, மிச்ச இடைவெளிக்கு அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டார் அப்பா. அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதும் அந்தப் பாதியிலும் ஒரு பங்கு போனது. நானும் தம்பியும் விறாந்தையில் உரலுக்கும் அடுப்புக்கும் நடுவில் விழுந்தோம். இன்னொரு பிள்ளை வந்தால் நாங்கள் படியில்தான், அதற்கடுத்த பிள்ளைக்குத் தெருவில்தான் என்று தம்பி சொன்னான். ஆறு வயதுக் குழந்தைக்கு விளங்கியது பெரியவர்களுக்கு விளங்கவில்லை.

அத்தான் களுதாவளைக்காரர். டவுன் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியார். ஆள் நல்ல உயரம். எங்கள் கதவு நிலையில் ஒவ்வொரு நாளும் தலையை இடித்துக்கொண்டு, இடித்ததற்கு அவரே வெட்கப்படுவார். படியேறும்போதே இரண்டு தரம் செருமுவார், வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும் என்று. பள்ளிக்கூடத்தால் வரும்போது எனக்கும் தம்பிக்கும் கடலை வாங்கிவருவார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கூடாத மனிதராக இருந்திருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

அவர் வந்த அன்று கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பெட்டகத்தின் மூடிமேல் வைத்தார்கள். என்னுடைய மூடிமேல்! "பலகை வந்ததும் சுவரில ஒரு தட்டு அடிச்சு அதில வெப்பம், ரெண்டு நாள்தான்" என்றார் அப்பா. பலகை வரவில்லை. இரண்டு நாள் எட்டு மாதமாகியது. பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய புத்தகங்கள் வந்தன. புத்தகத்துக்கு மேலே குடை வந்தது. என் பெயர் எழுதி ஒட்டிய கடதாசி பெட்டிக்குப் பின்னால் மறைந்தே போனது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முகம் வழித்துக்கொண்டிருந்தபோது போய் முன்னால் நின்றேன்.

"அப்பா, மூண்டாம் சட்டம் அத்தானுக்கு இல்லையா?"

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அவர் விருந்தாளி, மகள். விருந்தாளிக்குச் சட்டம் இல்ல."

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் பாய்ந்து வந்தது. "ஆர் விருந்தாளி? என்ன கதை கதைக்கிறீங்க? அவர்ட காதில விழுந்தா என்ன நினைப்பார்? இது அவர்ட வீடு. நாமதான் இஞ்ச ஒட்டிக்கொண்டு இரிக்கிறம்."

அப்பா சவர்க்கார நுரையைத் துடைத்தார். நான் யோசித்தேன். அத்தான் விருந்தாளி என்றால் விருந்து முடிந்ததும் பெட்டியோடு போகவேண்டும். வீட்டுக்காரர் என்றால் வீட்டுச் சட்டம் அவருக்கும் உண்டு. இரண்டில் எதுவென்றாலும் பெட்டி பெட்டகத்தின்மேல் இருக்க நியாயமில்லை. இதில் எங்கே பிழை என்று யாராவது சொல்லட்டும். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு ஏழு மாதமானபோது, அத்தானின் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. தலைப்பிள்ளை தாய்வீட்டில், அந்த அறையில்தான் பிறக்கவேண்டும். அதற்காக ஒரு பெரிய பன்கூடையில் பழைய மெல்லிய துணிகளும், பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்கும், தேனும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்கு அதையும் காட்டவேண்டும், அறையையும் காட்டவேண்டும் என்று விடியலிலிருந்து கூட்டினாள், துடைத்தாள், எங்களை ஏசினாள். "இஞ்ச மூச்சு விடவும் இடமில்லையே" என்று வழக்கம்போல நூறு தரம் சொன்னாள். அப்பாவும் அத்தானும் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா கிணற்றடிக்கு இறங்கியிருந்தாள்.

"அந்தப் பட்டுப் பாவாடைய எடுத்து உடு புள்ள, மாமியாக்கள் வரப்போறாங்க" என்றாள் அம்மா.

"அது பெட்டகத்துக்குள்ள கிடக்கு."

"பெட்டகத்துக்குள்ள கிடந்தா திறந்து எடுக்கிறதுதானே. அதுக்கும் நானா வரோணும்?"

இதைக் கவனிக்க வேண்டும். பெட்டகத்தைத் திறக்கச் சொன்னது அம்மா. திறக்க வேண்டுமென்றால் மூடிமேல் இருக்கிறதை இறக்கவேண்டும். இறக்கி வைக்க அந்த அறையில் எங்கே இடம்? கட்டில், கட்டிலுக்குக் கீழே நெல்மூட்டை, மூலையில் அம்மாவின் கூடை, கதவுக்குப் பின்னால் நாற்காலி. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்போதுதான் மூன்றாம் சட்டம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதம்! ஒரு நாள் என்று எழுதியிருக்கிறது, எட்டு மாதம்! பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடித் தட்டில் வைத்தேன். வைத்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. திரும்பி வந்து புத்தகங்களை எடுத்தேன், குடையை எடுத்தேன். சட்டம் என்று வந்தபிறகு பாதியில் விடலாமா? சுருட்டி வைத்திருந்த அவருடைய பாயையும், பழைய செருப்பையும்கூடக் கொண்டுபோய் பெட்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கினேன். பிறகு பாவாடையை உடுத்திக்கொண்டு பெட்டகத்தின்மேல் ஏறி உட்கார்ந்தேன். யன்னலால் காற்று வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு தோணிகளைப் பார்த்தேன். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஒருவராலும் விலை சொல்ல முடியாது.

வாசலில் மாட்டுக் கரத்தை வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வந்தவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று எட்டிப் பார்த்தேன். அத்தானின் அம்மா கடைசிப் படியில் நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மகள், தலையில் பலகாரக் கடகத்தோடு. இரண்டு பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பிளையின் பெட்டியும் பாயும் பெண்சாதி வீட்டு வாசலுக்கு வெளியே இருந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அவனை அந்த வீட்டுக்கு இனி வேண்டாம் என்பது. அவனுடைய தாய்வீடும் அவனுக்கு வீடில்லை, அது ஏற்கெனவே அவனுடைய சகோதரிக்குப் போயிருக்கும். அத்தானின் தாய்வீடு, அதோ கடகத்தோடு நிற்கிற அந்த மகளுடையது. இது எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? கதவில் ஒட்டியிருந்த கடதாசியில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"என்னகா மச்சாள்," என்றார் மாமி மெதுவாக, "என்ட புள்ளைட பெட்டி ஏன் வெளிய கிடக்கு?"

அம்மா ஈரக்கையோடு வந்தாள். பார்த்தாள். "எனக்குத் தெரியா மச்சாள். பிள்ளையாரப்பன் அறிய எனக்குத் தெரியா."

"பாயும் கிடக்கு. குடையும் கிடக்கு. செருப்பையும் விடல்லயே" என்றார் மகள்.

நான் ஒளிந்துகொண்டேனா? இல்லை. பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். "நான்தான் வெச்சன்."

மாமி குனிந்து என் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினார். குரலில் கோபமே இல்லை. "ஏன் மகள் வெச்சாய்?"

சட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நீளும். சுருக்கமாகச் சொன்னேன். "உள்ளுக்கு இடமில்ல மாமி. அம்மாவும் ஒவ்வொரு நாளும் அதத்தானே சொல்லுற."

பொய்யா அது? ஒரு சொல்லாவது பொய்யா?

"கேட்டீங்களாம்மா?" என்றார் மகள். "சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும். வீட்டில பெரியாக்கள் கதைக்கிறதத்தான் அது சொல்லுது."

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லல்ல மச்சாள்! அது வேற கதை!" என்று அம்மா பெட்டியின் ஒரு பக்கப் பிடியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அதே நேரம் மாமி மற்றப் பிடியைப் பிடித்தார். ஒரு பாயளவு தட்டில் இரண்டு பேரும் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா அதைக் கண்டுவிட்டுக் கையை விட்டாள்.

அதற்குள் அக்கா மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்து பெட்டியைத் தூக்கப் போனாள். மாமி தடுத்தார். "தொடாத மகள். ஏழு மாசம், பாரம் தூக்கப்படா. உன்னில ஒரு பிழையும் இல்ல." பலகாரக் கடகத்தை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "வெளிய வெச்ச பெட்டியத் திருப்பி உள்ள வெச்சா என்ட புள்ளைக்கு என்ன மரியாத மச்சாள்?"

கரத்தைக்காரனைக் கூப்பிட்டுப் பெட்டியையும் மற்றதையும் இறக்கச் சொன்னார். "என்னம்மா, ஏறினதும் இறங்குறீங்க?" என்று முதலாளி வாசலில் நின்று கேட்டது மேலே எங்களுக்குக் கேட்டது. அக்கா சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். அம்மா அழவில்லை, அந்தத் தட்டில் அப்படியே குந்திவிட்டாள். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் விளங்கவும் இல்லை. கடகத்திலிருந்து பயற்றம்பணியாரம் மூன்று எடுத்துத் தின்றேன்.

பின்னேரம் அப்பா வந்ததும் விசாரணை. என்னைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்தார்.

"ஏன் செஞ்சாய்?"

"மூண்டாம் சட்டம் அப்பா. ஒரு நாளுக்கு மேல வெச்சா தட்டுக்கு அகற்றப்படும்."

அப்பா கதவடிக்குப் போய், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கையெழுத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிழை பிடிக்க முடிந்தால் பிடித்திருப்பார். முடியவில்லை. "எழுதியிரிக்கிறது சரிதான்" என்றார்.

"சட்டமும் மண்ணாங்கட்டியும்!" என்று அம்மா வெடித்தாள். "ஒரு பலகை. ஒரே ஒரு பலகை சுவரில அடிச்சிருந்தா இந்த அவமானம் வந்திரிக்குமா?"

நானும் அதைத்தானே எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நான் அப்போது வாய்விட்டுச் சொன்னதற்குத்தான் அம்மாவிடம் அடி வாங்கினேன். அவள் சொன்னது நியாயம், நான் சொன்னது வாய்க்கொழுப்பு!

அத்தான் கதையைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார். உண்மையாகவே சிரித்தார். தாய் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அறிந்ததும் சிரிப்பு நின்றது. "நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று அடுத்த நாளே களுதாவளைக்குப் போனார். ஐந்து நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். கூடத்தில் உட்காராமல் நின்றபடியே அப்பாவிடம் பேசினார்.

"மாமா, செங்கலடிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டிருக்கன். அங்க ஒரு சின்ன வீடு வாடகைக்கு இரிக்கு. இவவையும் கூட்டிக்கொண்டு போறன். அம்மாட மனசும் ஆறட்டும்."

அம்மா சேலைத் திரைக்குப் பின்னால் நின்றாள். "தலைப்புள்ள. என்ட வீட்டில பெறாம எங்கயோ போய்ப் பெறுறதா?" என்று கேட்டாள். அப்பா, "யோசிப்பம் தம்பி, யோசிப்பம்" என்றார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

போகும்போது அத்தான் என் தலையைத் தடவி, "உன்னில எனக்குக் கோவமில்ல புள்ள. உன்ட சட்டம் சரி" என்றார். பார்த்தீர்களா? அவரே சொல்லிவிட்டார். இதற்குப் பிறகும் வீட்டில் எல்லாரும் என்னைக் கள்ளியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருமா வராதா?

மூன்று கிழமை கழித்து அக்காவும் போனாள். எட்டு மாத வயிற்றோடு, படிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருவில் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். பெண்சாதி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அவர்கள் கண்டிருக்கிறார்கள். தாய்வீட்டிலிருந்து இறங்கிப் போகிற பெண்ணைக் கண்டதில்லை. அம்மா மேலே வாசற்கதவைத் தாண்டி வரவே இல்லை. அக்கா கீழே நின்று திறப்பை நீட்டினாள். தம்பி ஓடிப்போய் வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தான்.

அறை வெறுமையாகியது. அன்றைக்கே எல்லாரும் பழையபடி உள்ளே போய்விடுவோம் என்று நான் பாயை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் அசையவில்லை. அம்மா அறையைக் கூட்டினாள், கட்டிலுக்குத் துவைத்த விரிப்பைப் போட்டாள், கதவைச் சாத்தினாள். பிறகு வழக்கம்போலக் கூடத்தில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சின்னத்தம்பியோடு ஒடுங்கினாள். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. தம்பி உள்ளே போய்க் கட்டிலில் துள்ளினான். அவனைக் காதில் பிடித்து வெளியே கொண்டுவந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது? அவ்வளவு பெரிய அறை சும்மா கிடக்கு. நீங்க ஏன் இஞ்ச கிடந்து நசுங்குறீங்க?"

"அது குடுத்த அறை" என்றாள் அம்மா.

"குடுத்தாக்கள் போயிட்டாங்களே!"

"குடுத்தது குடுத்ததுதான். மறுகா அதுக்குள்ள போய் நான் எப்பிடிப் படுக்கிற?" பிறகு இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தாள். "அவளுக்கு இல்லாட்டி உனக்கு. இனி அது உன்ட அறை. நாங்க குடுத்திட்டம்."

நான் வென்றுவிட்டேன். அதைவிட வேறெப்படிச் சொல்வது? ஒன்பது வயதில், புளியந்தீவில், எனக்கென்று பூட்டும் திறப்புமாக ஓர் அறை. பெட்டகத்தின் மூடியைத் தேங்காய்எண்ணெய் போட்டுத் துடைத்தேன். யன்னல் விளிம்பில் சிப்பிகளை வரிசையாக அடுக்கினேன். அக்காவைப் பார்க்காமல் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது அவர்களாகத் தேடிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டேன். வெளியே அப்பாவும் அம்மாவும் தம்பிமாரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு திரிவதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. என்னைக் குற்றவாளியாக்கத்தான் இப்படி வீம்பு பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு பின்னேரம், நான் பெட்டகத்தின்மேல் இருந்து படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். கையில் அந்தப் பன்கூடை. அக்கா போன அன்று அறையிலிருந்து எடுத்து விறாந்தையில் வைத்திருந்தாள். செங்கலடிக்கு யாரிடமாவது கொடுத்தனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா அறைக்குள் வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"மகள், மழை வரும்போல இரிக்கு. அங்க சாரல் அடிக்கும், துணி எல்லாம் நனைஞ்சிடும். இத உன்ட அறையில ஒரு மூலையில வெக்கட்டா?"

அம்மா என்னிடம் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கூடையைப் பார்த்து, இடத்தையும் பார்த்து, கொஞ்சம் யோசித்தேன்.

"சரி, வையுங்க" என்றேன். "ஆனா நாளைக்கு எடுத்திரோணும்."

"எடுத்திருவன்" என்றாள் அம்மா. உள்ளே வந்து, கூடையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, மேலே இருந்த துணியை ஒருமுறை தடவிச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் நான் எழும்பியபோது கூடை அங்கே இல்லை, சாரல் அடிக்கிற விறாந்தைக்கே திரும்பிப் போயிருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.